புல்லுக்கட்டுக்கு அனுமதியில்லாத பாதை

கம்பத்துக்குச் சற்று வடக்கே ஒரு கிராமத்தில் நான் கிராம சுகாதாரச் செவிலியர். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் "தினமும் அரைமணி நேரம் நடங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் என் வாயில் தானாகவே வரும். யார் எதிரே நிற்கிறார்கள் என்று பார்க்கக்கூட வேண்டியதில்லை.

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒருநாள் திருப்பிக் கேட்டார். "நடக்கச் சொல்றீக சிஸ்டர். எங்கன நடக்க? ரோட்டுல இறங்குனா எஸ்டேட் ஜீப்பு இடுப்ப உரசிட்டுப் போகுது."

கேள்வி நியாயமானது. ஊருக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே கண்மாய்க் கரை முள்மண்டிக் கிடந்தது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் மட்டும் முள்ளை ஒதுக்கி ஒற்றையடியாக நடப்பார்கள். கரையைச் சீர்செய்து பாதை போட்டுத் தரும்படி நான் மனு எழுதினேன். கிராம சபையில் அந்தத் தாலுகா ஆபீஸ்காரர் அதை வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. அன்றிலிருந்து அது அவருடைய மனு ஆயிற்று.

நூறு நாள் வேலைப் பெண்கள்தான் கருவேலத்தை வெட்டினார்கள், தூரைத் தோண்டினார்கள், கிராவல் பரப்பினார்கள். பாதை தயாரான வாரமே நடைப்பயிற்சிச் சங்கம் ஒன்று முளைத்தது. மனு வாசித்தவரே தலைவர். மஞ்சள் பனியன் அடித்தார்கள். அடுத்து பெஞ்சுகள் வந்தன. நடப்பதற்காகப் போட்ட பாதையில் சங்கம் செய்த முதல் வேலை, உட்கார இடம் கட்டியது. ஒவ்வொரு பெஞ்சிலும் உபயதாரர் பெயர், அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயர், தகப்பனாரின் பட்டம். பெஞ்சு ஆடாமலிருக்கக் கரையோரம் நீளமாகச் சிமெண்ட் மேடை எழுப்பினார்கள். காலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு, அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நாட்டைத் திருத்துவார்கள்.

என்னையும் ஆலோசகர் என்று போட்டிருந்தார்கள். கூட்டத்தில் நடு நாற்காலி கொடுத்தார்கள், டீயும் முறுக்கும் கொடுத்தார்கள். ஆலோசனை மட்டும் கேட்கவில்லை. கால்நடை, சைக்கிள், சுமை மூன்றுக்கும் அனுமதியில்லை என்று போர்டு வைக்க முடிவானபோது நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். நுழைவில், ஆள் ஒருவர் நெளிந்து நுழையும் அளவுக்கு இடம் விட்டு இரும்புக் கம்பித் தடுப்பும் வந்தது.

அந்தத் தடுப்பின் முன்னால்தான் ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்து நின்றார். திராட்சைத் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் புல்லுக்கட்டு. என்னிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்.

தலைவர் பெஞ்சிலிருந்தபடியே சொன்னார். "இது நடைப்பயிற்சிப் பாதைம்மா. சுமையோட வரக்கூடாது. போர்டப் பாக்கலையா?"

"நானும் நடந்துதானய்யா வாரேன். உருண்டா வாரேன்?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், ஒங்க பேஷண்டுதான. எடுத்துச் சொல்லுங்க."

நான் எடுத்துச் சொன்னேன். "இனிமே ரோட்டு வழியா வாங்கக்கா. ரூல்ஸ் போட்டுட்டாக."

அவர் கட்டைக் கம்பிக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் போட்டார், நெளிந்து நுழைந்தார், குனிந்து மறுபடி தலைக்கு ஏற்றினார். முழங்காலை ஊன்றி அவர் எழுந்தபோது மஞ்சள் பனியன்களில் ஒன்றும் அசையவில்லை. நானும் அசையவில்லை. பொழுது விடியுமுன்னே தோட்டத்துக்கு நடந்து, புல் அறுத்து, வீட்டுக்குச் சுமந்து, திரும்பவும் வேலைக்கு நடக்கிற பெண் அவர். அவரிடம்தான் போன மாதம் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தேன். "சரி நர்சம்மா" என்று கேட்டுக்கொண்டு போனார். அவர் சிரிக்காமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. பெஞ்சு மேடைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர், மேடை முடிகிற இடத்தில் பாதையை அரித்துக்கொண்டு இறங்கிவிட்டது. பாதி அகலம் காணோம். சங்கம் உடனே நடவடிக்கையில் இறங்கியது. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போட்டார்கள்: பாதை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது, உறுப்பினர்கள் கல்யாண மண்டப மைதானத்தில் நடக்கவும். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவ்வளவுதான் நடவடிக்கை.

தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு மண்டப மைதானத்தைச் சுற்றிவந்து என்ன ஆகும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே மம்பட்டியும் உரச்சாக்குமாக வந்துவிட்டார்கள். தடுப்பு வழியாகச் சாக்கைக் கொண்டுபோக முடியாததால், ஒருத்தி கடப்பாரையால் கம்பியைப் பெயர்த்து ஓரமாகச் சாத்தினாள். நானும் போனேன். அவர்கள் என்னை அழைக்கவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.

"மம்பட்டிய இப்படிப் புடிச்சா கை கொப்புளிச்சுரும் நர்சம்மா. இங்கன வந்து சாக்குக்கு வாயப் புடிங்க," என்றார் அந்தப் புல்லுக்கட்டுக்காரப் பெண். மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, இடையில் கல் திணித்தோம். பிறகு அவர் கடப்பாரையை வாங்கி, பெஞ்சு மேடையில் இரண்டு இடத்தில் இடித்துத் திறந்தார்.

"தலைவரு கோவிச்சுக்குவாரே," என்றேன்.

"தண்ணி அவரக் கேட்டுட்டா போகும்? அதுக்கு வழி விடலைன்னா அடுத்த மழைக்குப் பெஞ்சையும் தூக்கிட்டுப் போயிரும். அவுக அப்பா பேரு கண்மாயில மெதக்கும்."

மத்தியானத்துக்குள் முடிந்தது. வியாழக்கிழமை, சீரமைக்கப்பட்ட பாதையை மீண்டும் திறக்கும் விழா. பிளக்ஸில் தலைவர் மண்வெட்டியோடு நின்றார். மண்வெட்டி புதிது, அதில் விலைச்சீட்டு தொங்கியது. சீரமைத்தவர்கள் அப்போது தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் இருந்தார்கள். எனக்கும் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன், மேடையில் மறுப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். அது பெரிய வீரமில்லை.

பெயர்த்த தடுப்பைத் திரும்ப நட யாரும் வரவில்லை. இப்போது கரையில் மாடு போகிறது, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் போகிறது, புல்லுக்கட்டு போகிறது. சாணி மிதித்து வெறுத்த சங்கத்தார், விற்காத பிளாட்டுகளுக்கு நடுவே தார் போட்ட தெரு ஒன்றைக் கண்டுபிடித்து அங்கே நடக்கிறார்களாம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பெஞ்சு மட்டும் நான்கு போட்டுவிட்டார்களாம்.

பார்த்தீனியக் களை பூக்கிறதற்கு முன்னால் தோட்டத்துப் பெண்களும் நானுமாக ஐந்தாறு பேர் சேர்ந்து கரையில் பிடுங்குகிறோம். இரண்டு நாளைக்குக் கை அரிக்கும். மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில், "என்ன வேலைக்குப் போறீக?" என்று கேட்கிறேன்.