அம்மா கழுவிய ரோல்

என் பேரன் போனை எப்போது நீட்டினான், எப்போது அமுக்கினான் என்றே தெரியாது. ரசம் பொங்குவது, நான் கொட்டாவி விடுவது, எதிர்வீட்டுப் பூனை, எல்லாம் போட்டோவாகிவிடும். "இன்னா ஆயா, மூஞ்ச உர்ருனு வச்சிகினுகீற? நல்லால்ல, அழிச்சிட்டேன்" என்பான். ஆயா மூஞ்சியை அழிக்க அவனுக்கு ஒரு விரல் போதும். நான் சிரித்துவிடுவேன். சிரித்தால் அதையும் எடுப்பான்.

எனக்கு என் மாமாவின் கேமராதான் பிடிக்கும். மாமா அம்மாவின் தம்பி; துறைமுகத்தில் வேலை. கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கியது அது. கையில் எடுத்தால் அரிசி அளக்கிற படி மாதிரி கனக்கும். அதன் பின்கதவை மூடினால் ஊசி முனை வெளிச்சம்கூட உள்ளே போகாது. ஒருமுறை பரணிலிருந்து விழுந்து தரைதான் பெயர்ந்தது. பேரனின் போன் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது விழுந்தது. அந்தக் கதையை விடுங்கள். மாமா கேமரா இன்றைக்கும் அமுக்கினால் 'கடக்' என்று பதில் சொல்லும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ராயபுரத்தில், துறைமுகச் சுவரை ஒட்டிய சந்தில் இருந்தோம். எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அவனை அம்மா மடியில் வைத்துப் படம் எடுத்தார்.

"யக்கா, கொஞ்சம் சிரியேன். இன்னாத்துக்கு ரேஷன் கடையாண்ட சண்ட போட்ற மாரி மொறைக்கிற?"

அம்மா சிரித்தாள். கடக். அவ்வளவுதான், ஒன்றே ஒன்று.

"காட்றா" என்றாள் அம்மா.

"இப்ப எப்டிக்கா காட்றது? பிலிமு ரோலு முடியணும். அப்பால கயுவணும். கயுவுனாதான் மூஞ்சி தெரியும்."

ரோல் முடிவதற்குள் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் நைனா அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். முகத்தையும் சேர்த்து மூடியிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒன்றையேதான் கேட்டாள்: "புள்ள மூஞ்சி மறந்து பூட்ச்சின்னா இன்னாடி பண்ணுவேன்?" எனக்கு அவன் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. அதெப்படி மறக்கும் என்று நினைத்தேன்.

மாமா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அம்மா கேமராவின் பின்கதவைத் திறந்தாள். ரோலை எடுத்து, சுற்றியிருந்த காகிதத்தை உரித்தாள். வெந்நீர் வைத்து, முழங்கையால் தொட்டுச் சூடு பார்த்து, பாப்பாவுக்குப் போடுகிற சோப்பையே அதில் கரைத்தாள். பிலிமை உள்ளே விட்டு, தேய்க்காமல், கழுத்து மடிப்பைக் கழுவுவது போலக் கழுவினாள். பிறகு துணிக்கொடியில் தொங்கவிட்டாள். எங்கள் பக்கம் கொடியில் எது காய்ந்தாலும் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து அப்பிக்கொள்ளும்; கல்யாண மாப்பிள்ளையைத் தவிர யாரும் வெள்ளைச் சட்டை போட மாட்டார்கள். அதனால் பிலிமுக்கு மேலே ஒரு பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

மாமா வந்தார். கொடியைப் பார்த்தவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்கவேயில்லை. கழுவுவது என்றால் இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கழுவுவது. வெயில் பட்டாலே படம் போய்விடும். இது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கயுவிட்டேன்டா" என்றாள் அம்மா. "சரியா கயுவிகீறனா?"

மாமா பிலிமை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஷோக்கா கயுவிகீற யக்கா. தோ, ஒன் மடில கீறான் பாரு. வாயத் தொறந்துகினு கீறான்."

அம்மா முதலில் மாமாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் பிலிமைப் பார்த்தாள். "ஆமாண்டா, கீறான்" என்றாள்.

நானும் எக்கிப் பார்த்தேன். கஞ்சி காய்ந்த மாதிரி வெறும் மங்கல். "எங்கம்மா? ஒண்ணுமே தெர்லியே!"

மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "ஒனக்கு நொள்ளக் கண்ணு. போடி அப்பால."

பேரனின் போனில் இதெல்லாம் நடக்காது. இருந்தால் உடனே காட்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். அம்மாவோ அந்தப் பிலிமைப் பவுடர் டப்பாவில் வைத்துக்கொண்டு, சாகிறவரைக்கும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பிலிமைக் கழுவிய அன்றைக்கு அம்மா அந்தச் சோப்புத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் அதில் என் கண்ணைக் கழுவிக்கொண்டேன். எரிந்தது. எரியட்டும் என்று திரும்பத் திரும்பக் கழுவினேன். நன்றாகக் கழுவினால் எனக்கும் பாப்பா தெரிவான் என்றுதான் நினைத்தேன்.