ஏசிக்காரர் வீட்டு ஓட்டை

கழற்றுவதற்கு முன்னால் தட்டிப் பார்ப்பார் ஏசிக்காரர். மாடிச் சுவரில் வெளியே தொங்கும் பெட்டியில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டு. பிறகு காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “என்னப்பா, நாடி பாக்குறியா?” என்று வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் அசரமாட்டார். “உள்ள குடும்பம் இருந்தா என்ன சார் பண்றது? நமக்கு எப்ப சீசனோ, அதுகளுக்கும் அப்பதான் சீசன்.”

உண்மைதான். வெயில் ஏறும்போதே கூடு கட்டினால்தான், மழை விழுந்து புழுபூச்சி பெருகும் நேரத்தில் குஞ்சு வாய் திறக்கும். மைனாவின் கணக்கு அது. “புறாவ விடுங்க. அதுக்கு மாசமேது, தேதியேது! வருசம் பூரா பிள்ளப்பேறுதான்” என்பார். பெட்டிக்குள் கீச்சென்று கேட்டால் போதும், குஞ்சு பறந்த பிறகு வருவதாகச் சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷர் என்பார்கள். ஆனால் சொன்னபடி வந்து நிற்பார்.

சொன்னபடி வராதது சொந்த வீட்டுக்கு மட்டும்தான். மனைவி ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். பகலில்தான் தூங்க வேண்டும், படுக்கையறையோ கொதிக்கும். இந்தக் கோடைக்கு ஏசி மாட்டியே தீருவது என்று சுவரில் குழாய்க்கு ஓட்டை போட்டார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். உள்பக்கம் மட்டும் துணியைத் திணித்துவிட்டு ஓடியவர், வேலை நெருக்கடியில் அப்படியே விட்டுவிட்டார். ஒருநாள் பார்த்தால் வெளிப்பக்கம் காய்ந்த புல் தொங்குகிறது, உள்ளே கீச்கீச்சென்று குஞ்சுகள். மைனா!

ஊர்ப் பெட்டியெல்லாம் தட்டிப் பார்த்த மகராசன் தன் வீட்டு ஓட்டையை மூட மறந்தாரே!

“ஊரே ஜில்லுன்னு தூங்குது, நான் மட்டும் வேகணுமா?” என்றாள் மனைவி.

“இந்தக் குஞ்சுங்க பறந்துடட்டும்மா.”

ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, குஞ்சுகளின் கத்தலுக்குத் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்துப் பார்த்தாள், பாவம்.

குஞ்சுகள் பறந்தன. குழாயோடு போய் நின்றார். அதே ஜோடி புதிதாகப் புல் கொண்டுவந்துகொண்டிருந்தது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டதால் இன்னொரு ஈடு முட்டைக்கு ஏற்பாடு. மனைவியின் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. “ஏங்க, ரூமுக்கு ஒரு சுவருதானா? அந்தப் பக்கம் போடுங்க. குழாய் கொஞ்சம் நீளமா வேணும், அவ்வளவுதானே?”

தலையில் அடித்துக்கொண்டு, ஏணி போட்டு, மறுபக்கச் சுவரை வெளியிலிருந்து துளைத்தார். ஓட்டை விழுந்ததும் மெஷினை அணைத்து உருவினார். அடுத்த நொடி உள்ளங்கையால் ஓட்டையை அழுத்தி மூடிக்கொண்டு, கையை எடுக்காமலே உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி கத்தினார்: “குழாய எடுத்துக்கிட்டு ஓடி வாம்மா!”