ஒரு புருவமுடியும் ஒரு துண்டுத் தோலும்

ஆய்வகத்தில் அவளைப் புருவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தவளைக் கருவை நறுக்குவது அவள் வேலை. கடுகளவே உள்ள அந்த உருண்டையை இரும்புக் கத்தி நசுக்கிவிடும். கண்ணாடிக் குழாயின் முனையில் ஒட்டிய புருவமுடிதான் ஒழுங்காக வெட்டும். அதற்கு முரட்டு முடி வேண்டும். அவள் அறிந்தவரை அப்படிப்பட்ட புருவம் ஒருவருக்குத்தான் உண்டு: லாரி ஓட்டும் அவள் கணவருக்கு.

அவர் இப்போது தருவதில்லை. ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போன இடத்தில், "என்ன சார், புருவத்தைக் கரையான் அரிச்சிடுச்சா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

புருவக்கா வீம்புக்குத் தன் புருவமுடியையே குழாயில் ஒட்டினாள். அது மெல்லிய பூனைமுடி.

கருவின் உச்சியை மூடியிருக்கும் கூரைச் செல்களை வெட்டித் தனியே விட்டால் அவை தோலாகும். "தோலாகு, தோலாகு" என்று ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியபடியே இருக்கும். கருவின் ஓர் ஓரத்தில் வேறு சில செல்கள் உண்டு. அவை அந்தச் செய்தியை வழிமறித்துவிடும். நச்சரிப்பு நின்றதும் கூரைச் செல்கள் நரம்பாகிவிடும். மூளை தொடங்குவதே அப்படித்தான்.

வளைந்த பூனைமுடி, வழிமறிக்கும் செல்களிலும் நாலைந்தை இழுத்து வந்துவிட்டது. மற்றச் சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தோலாகவே வேண்டிய துண்டெல்லாம் நரம்பாயிற்று.

"இன்னொரு தடவை இப்படி ஆனா, வெட்ட வேற ஆளைத்தான் போடணும்," என்றார் ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா. கோபமே இல்லாமல் சொன்னதால் அது வெறும் மிரட்டல் இல்லை என்று புருவக்காவுக்குப் புரிந்தது.

அன்று இரவு வீட்டில் கணவரோடு சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு."

"உன் தம்பிகிட்ட கேளு."

"அவனுக்குத் தலையிலயே இல்ல. புருவத்துக்கு எங்க போவான்?"

அவர் சிரிப்பை விழுங்கினார். "உன் முடிக்கு என்ன கேடு?"

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"உன் முடிதானே."

"வேலையே போயிடும் போல இருக்குங்க."

அவர் தட்டை நகர்த்திவிட்டு முகத்தை நீட்டினார். "இடது பக்கம். ஃபோட்டோவுல தெரியாத இடமாப் பாத்து எடு."

இடுக்கி முன்பே அவள் மடியில் இருந்தது.

மறுநாள் வெட்டினாள். அதற்கடுத்த நாள், தட்டில் அந்தத் துண்டுகள் மேலெல்லாம் நுண்ணிய இழைகள் முளைத்து மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. தவளைக் கருவின் தோல் அப்படித்தான் சுழலும். டாக்டரம்மா எட்டிப் பார்த்து "ம்" என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை.

கணவர் லாரியில் போகும் வழியிலிருந்து போனில் கூப்பிட்டார். "என்ன, மூளை வந்துச்சா?"

"இல்லீங்க. வெறும் தோல்."

"என் புருவத்தைக் குடுத்து வெறும் தோலா?"

"அதுக்குத்தாங்க கேட்டேன்."

அவர் ஹார்னை ஒருமுறை அழுத்தினார்.

"சரி, வந்ததும் வலது பக்கமும் ஒண்ணு எடுத்துடு. ரெண்டும் சமமா இருக்கட்டும்."