கோமாளியின் கையும் கவிஷாவின் கொண்டையும்

வேன் ஓட்டுவது பெரிய காரியமில்லை. அதற்குள் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைச் சண்டை இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில்.

பதுளையில் சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட லீவு விட்டால் தோட்டத்து ஆட்களும் டவுன் கடைக்காரர்களும் பிள்ளைகளோடு கொழும்புப் பக்கத்து வாட்டர் பார்க்குக்குப் போக என்னைத்தான் கூப்பிடுவார்கள். எப்போது கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, வாந்தி எடுக்கிற பிள்ளையை எந்த ஜன்னலோரம் உட்காரவைப்பது என்று எல்லாத் திட்டமும் நான் போடுவதுதான். இப்படி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நனைத்து எடுத்தாயிற்று. என் மகள் கவிஷா மட்டும் நனையவில்லை. அந்தப் பார்க்கின் பெரிய சறுக்கில் ஒரே ஒரு தடவை வழுக்கி வரவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. லீவுதான் எனக்குத் தொழில் நடக்கும் காலம் என்பதால் "அடுத்த லீவுக்குப் போவோம்மா" என்று ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்ற உங்களுக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

கோமாளி கை நீட்டுகிறான்

பெரிய சறுக்கின் அடியில் பலகையில் செய்த ஒரு கோமாளி கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அந்தக் கையைத் தலை தொட்டால்தான் பிள்ளையை மேலே விடுவார்கள். கொழும்புவரை வந்து ஒரு விரல் உயரம் குறைந்ததற்காகக் குடும்பமே அழுவதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெண் பிள்ளை என்றால் உச்சியில் கொண்டை போட்டுவிடச் சொல்வேன். ஆண் பிள்ளைக்கு ஒரு மாதம் முடி வெட்டக்கூடாது.

பசறைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் மகளுக்குக் கோபுரம்போல ஒரு கொண்டை போட்டுக் கூட்டிவந்தார். காலையில் கொண்டை இல்லாமல் போய், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே பிள்ளை. காவலாளி சந்தேகத்தோடு, "முன்னாடி வந்தப்ப இவ சின்னப் புள்ளையா இருந்தாளே?" என்றான். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"சோறு தின்னுட்டு வந்திருக்கா. வளர்ற புள்ளைதானே?"

இட்லி முதலில்

பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர். வெளிச் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஆகாது என்று இட்லிப் பானை, சாம்பார் வாளி, கேஸ் அடுப்பு, மடக்கு மேசை எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார். பிள்ளைகளுக்கு மீதி இடம். பார்க் வாசலில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டை வேனில் வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். முதலாளி என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வாகனம் நிறுத்தும் இடத்திலேயே அடுப்பு பற்றவைக்கப்பட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் முதலாளியின் பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு வரிசையாக உட்கார்ந்து, கண்ணில் நீரோடு இட்லி தின்றார்கள். எனக்கே பாவமாகப்போய், "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிட்டு விடுங்களேன் முதலாளி" என்றேன்.

"தண்ணி எங்க தம்பி போகப்போகுது? இட்லிதான் ஆறிப்போயிடும்."

பார்க்கில் ஒரு பெரட்டு

ஒரு முறை அப்புத்தளைத் தோட்டத்திலிருந்து, பென்ஷனில் போன கங்காணி ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டை அவர் இன்னும் விடவில்லை. பெரகல மலைப்பாதை வளைவுகளில் இறங்கியதும் அரைவாசிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். அவர்களையும் எழுப்பி ரோட்டோரம் நிறுத்திப் பேர் கூப்பிட்டுத்தான் மறுபடி ஏற்றினார்.

பார்க்கிலும் அதேதான். நீ சறுக்கு, நீ அலைக்குளம், நீங்கள் ரெண்டு பேரும் சின்னக் குளம் என்று பிரித்துவிட்டார். அலைக்குளத்துப் பிள்ளை சறுக்குப் பக்கம் போனால் அதட்டித் திருப்பினார். பிள்ளைகள் கொஞ்சம் சூடு பிடித்து விளையாட ஆரம்பித்த நேரம் பார்த்து விசிலை ஊதி எல்லோரையும் கரையேற்றினார். ஏன் ஐயா என்று கேட்டேன்.

"காலையிலேருந்து தண்ணிக்குள்ள நிக்குதுங்க. தேத்தண்ணி நேரம் குடுக்க வேணாமா?"

எங்கள் முறை

போன லீவில், வந்த அழைப்புகளையெல்லாம் தள்ளிவைத்து, ஒருவழியாகக் கவிஷாவுக்கு நாள் குறித்தேன். கோமாளிக் கையின் உயரத்துக்குக் குசினிக் கதவில் கோடு போட்டுக்கொடுத்தேன். வெறும் தலையோடு நின்றால் கோடு எட்டவில்லை. கொண்டையோடு நின்றால் எட்டியது. அவள் தினமும் போய் நின்று பார்த்துக்கொண்டாள். குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பாளாம்.

அப்போதுதான் என் மனைவி மஞ்சு, "போற வழியில கதிர்காமத்துல நேத்திக்கடனையும் முடிச்சிடலாம்" என்றாள். கோயிலையும் பார்க்கையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நான் தலைபாடாகச் சொல்கிறவன். மனைவியிடம் அதைச் சொல்ல முடியுமா? கதிர்காமம் போகிற வழியே இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. கவிஷா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மஞ்சு வேண்டிக்கொண்டது அது. சரி என்றேன்.

கதிர்காமத்தில் நேர்த்தி நல்லபடியாக முடிந்தது. நான் ஓரமாக நின்று, பண்டாரவளையிலிருந்து ஒருவர் போனில் கேட்ட பார்க் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கவிஷா மாணிக்க கங்கையில் முழுகி, தலையில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள். நல்ல அழகு. வேனை நேரே பார்க்குக்கு விட்டேன்.

அவள் ஓடிப்போய்க் கோமாளியின் கைக்குக் கீழே நிமிர்ந்து நின்றாள். கைக்கும் மொட்டைத் தலைக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரிந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. நேர்த்திக்கடன் என்றால் முடி இறக்குவது. முடி போனால் கொண்டையும் போகும். ஊருக்கெல்லாம் வழி சொன்ன எனக்கு இது கொழும்பு வரும்வரை தோன்றவில்லை. மஞ்சுவைப் பார்த்தேன். அவளும் அப்போதுதான் வாயில் கை வைத்திருந்தாள்.

காவலாளி என்னை நன்றாக அறிந்தவன். "உங்க வேன்ல வர்ற புள்ளைங்க எல்லாம் கொண்டையோட வரும். நானும் பாத்தும் பாக்காமலும் விடுவேன். உங்க புள்ளைக்கு மட்டும் ஏன் அண்ணே மொட்டை?" என்றான். இவ்வளவு இடைவெளியை எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று அவனும் வருத்தப்பட்டான்.

கவிஷா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சின்னக் குளத்தின் தவளைச் சறுக்கில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து, சந்தனத் தலையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பெரிய சறுக்கைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காதில் கேட்டாள்.

"அப்பா, சாமி அந்த முடிய இன்னும் எடுக்கலன்னா, போய் திருப்பிக் கேப்பமா?"

இப்போது யார் வேன் கேட்டு வந்தாலும் நேரம், சாப்பாடு, ஜன்னலோரம் எல்லாவற்றுக்கும் முன்னால் "சாமிக்கு ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்டுக்கொள்ளும் நான், என் வீட்டுப் பயணத்துக்கு மட்டும் கவிஷாவின் முடியையோ அவளையோ, எது முதலில் வளருகிறதோ அதை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.