எல்லாப் படங்களுக்கும் ஒரே வெட்டு

நடந்தது இவ்வளவுதான்.

1. நீர்வேலியில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கு நடந்த சாமத்திய வீட்டின் படங்கள், ஆல்பம் செய்வதற்காக எங்கள் ஸ்டூடியோவில் என்னிடம் வந்தன.
2. முதல் படத்தில் இடப்பக்கம் வெறும் கதவு. அதை வெட்டினேன்.
3. அதே வெட்டை மற்ற எல்லாப் படங்களுக்கும் ஒரேயடியாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை.
4. மூலப் படங்களின் மேலேயே சேமித்தேன். கமரா கார்டை ஏற்கெனவே அழித்திருந்தோம்.

படம் தெரிவுசெய்ய அந்தப் பிள்ளை தாயுடன் வந்தாள். திரையில் பத்துப் படம் தள்ளியதும் கேட்டாள்.

“அக்கா, அம்மா எங்கை? கதவடியிலைதானே நிண்டவா.”

தாய் சிரித்தார்.

“கதவோடை கதவா நிண்டால் அக்காவுக்கு எப்பிடியடி தெரியும்?” பிறகு என்னிடம், “புருசன் இல்லாத நான் நடுவிலை வந்து நிக்கேலுமே, தங்கச்சி? நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ” என்றார்.

“கிட்ட வாங்கோ எண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான்” என்றாள் மகள்.

அப்போதுதான் படங்களைச் சரியாகப் பார்த்தேன். ஆரத்தி எடுக்கும்போதும், மாமி மாலை போடும்போதும், கேக் வெட்டும்போதும் அவள் இடப்பக்கம் பார்த்தே சிரிக்கிறாள். அந்தப் பக்கம் படம் முடிந்துவிடுகிறது.

மன்னிப்புக் கேட்டேன். அழுகை வரவில்லை. அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள்கள் இரண்டை முயன்றேன். ஒன்றும் திரும்பவில்லை.

அவரை ஓரத்தில் நிறுத்தியது ஊர் வழக்கம். அங்கிருந்தும் அகற்றியது நான்.

ஆல்பம் போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. அதில் தாயின் படம் ஒன்றுகூட இல்லை.