பூங்காவில் பெட்டி வைக்க அனுமதி

‘விண்ணப்பதாரர் அடையாளம் தெரியாத வெளிநபர், முன் அனுமதி கோராமல், தொழிற்சாலை உதிரிபாகம் என ஐயுறத்தக்க பொருளொன்றைப் பூங்காவில் பதுக்கியவர்.’

தொழிற்பேட்டைப் பூங்காவைப் பராமரிக்கும் சங்கத்தின் கோப்பில், ஏழாம் பக்கத்தில், முத்துச்செல்வியைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. அடையாளம் தெரியாதவர் எப்படி விண்ணப்பதாரர் ஆனார் என்று கோப்பு சொல்லவில்லை. அனுமதி கேட்காதவர் என்பதுதான் அதைவிட வேடிக்கை. அதே கோப்பின் முதல் ஆறு பக்கங்களும் அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனுக்கள்.

முத்துச்செல்விக்கு வயது முப்பத்தொன்று. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒன்பது வருடமாகச் சென்னைக்கு வெளியே பென்னலூரில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை மேசை அவளுடையது. அவள் பார்த்து, சரி என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பெட்டி லாரி ஏறும். ஸ்டிக்கரில் அவள் பெயர் இருக்காது, 214 என்ற எண்தான் இருக்கும். பெயர் உள்ள காகிதங்கள் எல்லாம், ரேஷன் அட்டையிலிருந்து வாக்காளர் பட்டியல்வரை, ஊரிலேயே தங்கிவிட்டன. இந்தப் பக்கத்தில் அவள் பெயருக்கு ஒரு கரண்ட் பில்கூட வந்ததில்லை.

இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் டீ இடைவேளையில் அவளுக்கு ஒரு விளையாட்டைச் சொல்லித்தந்துவிட்டுப் போனார். ஜியோகேச் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தை விளையாட்டுக்கான செயலியின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தேடிவருவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு ஒன்றும் கிடையாது. சென்னையில் இரண்டு பெட்டிகளைக் கண்டுபிடித்த பிறகு முத்துச்செல்வி தன் வட்டாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆயிரம் தொழிற்சாலை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்று வைத்தால் அதன் கீழே, வைத்தவர் என்ற இடத்தில், அவள் பெயர் வரும். எண் அல்ல, பெயர்.

வைப்பதற்கு ஒரே விதி: நிலத்தைக் கவனிப்பவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். தொழிற்பேட்டைப் பூங்காவின் நிலத்தைக் கவனிப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள். ஊராட்சியில், அது தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது என்றார்கள். தொழிற்பேட்டையில், சங்கத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். சங்கத்தின் செயலாளர் கோதண்டராமன், நிலம் எங்களுடையது அல்ல, புல் மட்டும்தான் எங்களுடையது என்றார். மனுவில் ‘புதையல் விளையாட்டு’ என்று அவள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, புதையல் என்றால் அது அரசாங்கத்தைச் சேரும், தாசில்தாரைப் பார்க்க வேண்டும் என்றும் யோசனை சொன்னார். இன்னும் புதைக்கவே இல்லை என்று அவள் சொன்னதற்கு, அப்படியானால் அவசரம் ஒன்றும் இல்லையே என்றார். ஐந்து மாதத்தில் ஆறு மனு. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எழுதி, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்க் கொடுத்தவை.

ஆறாவது மனு கொடுத்துவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோதுதான் டில்லிபாபு பழக்கமானார். பூங்காவின் மேற்பார்வையாளர், பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது. அவள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் சிரித்துவிட்டார்.

“இன்னாம்மா அண்ணாச்சின்ற? நா இன்னா மளிகக் கடையா வச்சிக்கினு கீறேன்?”

கதை முழுவதையும் கேட்டுவிட்டு, பெஞ்சைவிடச் சின்னதாக எதை வைப்பதென்றாலும் மேற்பார்வையாளரே அனுமதிக்கலாம் என்று சங்கத்தோடு தான் போட்டிருந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதை எடுத்துக்காட்டினார். கோதண்டராமன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் அது. மறுநாளே சங்கத்தின் தாளில், முத்திரையோடு கடிதம் தயார். இடத்தையும் அவரே பார்த்துக் கொடுத்தார்: புங்கமரத்துக்குப் பின்னாலிருக்கும் சிமெண்ட் பெஞ்சின் அடி.

“எங்கப்பன் வேர்க்கல்ல போட்ட எடம்மா இது. பார்க்கு ஆனதுலருந்து எவனும் என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ ஒருத்திதான் வந்து பர்மிஷன் கேக்கற.”

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் முதல் பெயராக அவரையே எழுதச் சொன்னாள். தேதி போட்டு, அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து, பொறுமையாக எழுதினார்.

கடிதத்தைப் படமெடுத்துச் செயலிக்காரர்களுக்கு அனுப்பினாள். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சரிபார்ப்பவர் இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார். ஏழு வாரத்தில் பதினோரு பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். முத்துச்செல்வி ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் அந்தப் புள்ளியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

அவள் செய்த தவறு ஒன்று உண்டு. பெட்டியை மூடியதும், ஒன்பது வருடப் பழக்கத்தில், மூலையில் பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டாள். ஒட்டாமல் ஒரு பெட்டியைக் கையிலிருந்து விட அவளால் முடியாது.

பூங்காவுக்குப் பணம் தரும் பெரிய தொழிற்சாலை ஒன்று, தன் கிடங்கைச் சோதிப்பதுபோலவே பூங்காவையும் வருடத்துக்கு இரண்டு தடவை சோதிக்கும். எதற்கு, யாருடையது என்று பதில் இல்லாத எந்தப் பொருளிலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். சோதிக்க வந்தவர்கள் பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள். பச்சை ஸ்டிக்கரைப் பார்த்ததும், வெளியே கடத்த வைத்திருக்கும் உதிரிபாகம் என்று முடிவுகட்டினார்கள். யாருடையது என்று டில்லிபாபுவைக் கேட்டார்கள். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். தெரியாது என்று சிவப்புச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இது எதுவும் முத்துச்செல்விக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அவர் அவளுடைய அறை வாசலுக்கே வந்து, கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டும், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். வெயிலில் வந்தவருக்கு அவள் மோர் கொடுத்தாள்.

பெட்டி வைக்க ஆறு மனு கொடுத்தவள் என்பதால், மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் பெட்டி சிவப்புச் சீட்டோடு இருந்தது. டில்லிபாபு ஜன்னலோரம் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி நிம்மதி. யார் அனுமதி கொடுத்தது என்று கோதண்டராமன் கேட்டதற்கு, டில்லிபாபு சொல்வார் என்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கைப்பேசியில் கடிதத்தின் படத்தைக் காட்டினாள். கோதண்டராமன் அதை அவரிடம் நீட்டினார்.

“என் கையெழுத்து மாரிதான் கீது சார்,” என்றார் டில்லிபாபு. “ஆனா நா போடல.”

முத்துச்செல்வி பெட்டியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தாள். முதல் பக்கம் இல்லை. கிழிந்த ஓரம் தெரியாதபடி பிளேடால் சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தது. குறைபாடு கண்டுபிடிப்பதே அவள் வேலை என்பதால் கண்ணுக்குத் தப்பவில்லை.

படத்தில் இருக்கும் முத்திரை செல்லாது, அசல் வேண்டும் என்றார் கோதண்டராமன். அவர் கெட்டவர் இல்லை. தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் ஒன்றையும் தயாராக வைத்திருந்தார். யாரிடமும் கேட்காமல் நானே வைத்தேன், தவறுதான், மன்னிக்கவும். கையெழுத்துப் போட்டால் விஷயம் இங்கேயே முடியும். போடாவிட்டால் கோப்பில் ஏற்றி, அவள் தொழிற்சாலைக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டிவரும். அவள் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெளியே வந்தாள்.

டில்லிபாபு பின்னாலேயே வந்தார். ரெண்டு பொண்ணு இருக்கிறது, காண்ட்ராக்ட் போனால் வேறு போக்கிடம் இல்லை என்றார். “நீ எப்டியும் ஒரு நாள் ஊருக்குப் போற ஆளு. போட்டுட்டுப் போயிரும்மா.”

“பயத்துல தெரியாதுன்னு சொல்லிட்டிய அண்ணாச்சி, சரி,” என்றாள். “சாவகாசமா பிளேடு எடுத்துட்டு வந்து ஒங்க பேர அறுத்து எடுத்தியளே, அது எந்தப் பயம்?”

அவர் புங்கமரத்தடிக் குழாயை மூடப் போய்விட்டார். குழாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

முத்துச்செல்வி உள்ளே போய், கையெழுத்துப் போடாத கடிதத்தைக் கோதண்டராமனிடம் திருப்பிக் கொடுத்தாள். தன் தொழிற்சாலையின் முகவரியை அவர் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நிலத்தைக் கவனிப்பவர் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று செயலியில் காரணம் எழுதி, வரைபடத்திலிருந்து தன் புள்ளியை நீக்கினாள்.