இருமாத பண்ணை

கருத்தரங்கு என்றாலே எனக்கு எரிச்சல். குத்துவிளக்கு, பொன்னாடை, முடியவே முடியாத வரவேற்புரை. அதற்குள் சமோசா ஆறிப்போயிருக்கும். பாதிப் பேர் சான்றிதழுக்காக வந்திருப்பார்கள், மீதிப் பேரைக் கல்லூரி முதல்வர் துரத்திவிட்டிருப்பார். ஆனாலும் சேலத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு ஆசையோடுதான் போனேன். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கேட்பவர்கள் பத்து நிமிடம் பேசலாம். தேறினால் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்து மேலே அனுப்பிவைப்பார்கள்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். கோழிப்பண்ணைத் தொழிலாளர்களின் நுரையீரலைச் சோதிக்க நிதி கேட்டிருந்தேன். அந்த எண்ணமே ஓர் அக்காவால் வந்ததுதான். காலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பண்ணை நிறுத்தம் வரும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவார். கோழி எரு அள்ளுவதும் முட்டை பொறுக்குவதும் அவர் வேலை. நிதி வந்தால் எல்லாரையும் சேலத்துக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்து வைத்தியம் பார்ப்போம், முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லியிருந்தேன். அதை நம்பி, அவர் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டார்.

கூட்டத்துக்கு முன்பு, முதல்கட்டச் சோதனைக்காக அவருடைய பண்ணைக்குப் போனேன். கருவி பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய். மூச்சை இழுத்து வேகமாக ஊதினால் முள் ஏறும், நுரையீரல் கெட்டிருந்தால் பாதிகூட ஏறாது. பண்ணை மேலாளர் ஆட்களைத் துவைத்த உடையில் வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒவ்வொருவர் ஊதும்போதும் முள் ஜம்மென்று ஏறியது. சாப்பாட்டு வேளைக்கு முன்பே வேலை முடிந்ததில் எனக்குக் குஷி. அக்காவைக் காணோம். கேட்டால் லீவு என்றார்கள். அவ்வளவு தூசியில் ஒருத்தர்கூட இருமவில்லையே என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

எண்களைப் பட்டியலாக்கியபோது கொஞ்சம் உதைத்தது. ஆனால் கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. ஆட்கள் ஒத்துழைக்கிறார்கள் என்று காட்டினால் போதாதா என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடையில் பத்து நிமிடம் பேசி முடித்ததும் நடுவராக இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க கணக்குப்படி எல்லாரும் நல்லாத்தானேம்மா இருக்காங்க. அப்புறம் எதுக்குப் பணம்?"

அரங்கில் யாரோ சிரித்தார்கள். திருப்பிக் கொடுத்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பிறகு எல்லாரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், சான்றிதழும் வாங்கினேன்.

மறுநாள் காலையில் நேராகப் பண்ணைக்குப் போய் மேலாளரைப் பிடித்தேன். அவர் ஒளித்துப் பேசவில்லை.

"இருமறவங்களத் தனியா உக்கார வெச்சுட்டனுங்க மேடம். வெளியாளுங்க பாக்க வந்தா சீக்குக் கோழியப் புடிச்சு ஒதுக்கிருவமுங்க. அந்தப் பழக்கந்தானுங்க. நீங்க மெனக்கெட்டு வாரீங்க, உங்களுக்கு நல்ல பேரு வரோணும்னு நெனச்சனுங்க."

திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு முட்டை அறையிலிருந்து அக்கா வெளியே வந்தார்.

"அன்னிக்கு நானு இங்கதான் இருந்தேன் சாமி. சத்தம் வெளிய கேட்டுருமோன்னு வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தேன். இப்ப ஊதட்டுங்களா?"

குழாய் என் பையில்தான் இருந்தது. மூன்று முறை ஊதினார். முதல் இரண்டு தடவையும் முள் கால்வாசிகூட ஏறவில்லை. மூன்றாவது தடவை இருமல் பிடித்துக்கொண்டது, சுவரைப் பிடித்தபடி குனிந்துவிட்டார். நிமிர்ந்ததும் முதலில் கேட்டது, "இது போதுமுங்களா? இனிப் பணம் வந்துருமுங்களா?"

"வந்துரும்க்கா" என்றேன். அடுத்த கூட்டத்துக்கு ஒரு வருடம் இருந்தது.

அந்த ஒரு வருடத்தில் அவரை நானே ஒரு நாள் சேலத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம். தோன்றாமல் இல்லை. தேர்வு, விடைத்தாள், அது இது என்று தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் பெண்கள் விடுதிப் பொறுப்பைத் தலையில் கட்டிக் கல்லூரிக்குள்ளேயே தங்க வைத்துவிட்டார்கள். பேருந்தில் போவதும் நின்றது, அக்காவைப் பார்ப்பதும் நின்றது. இதையெல்லாம் காரணமென்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கூட்டம் நெருங்கியதும் மறுபடி சோதனைக்குப் போனேன். மேலாளர் வாசலுக்கே வந்தார். வரிசையிலிருந்து கேட்ட இருமலில் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இந்தத் தடவ ஒருத்தரையும் ஒதுக்கலீங்க மேடம். இருமறவங்களத்தான் முன்னால நிறுத்தியிருக்கறனுங்க."

வரிசை முழுக்கப் பார்த்தேன். "அக்கா எங்கே?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? அவுங்க தவறிப் போயி ரெண்டு மாசம் ஆச்சுங்க."

நான் அவர் சொன்னதை நம்பவில்லை. போன தடவை லீவு என்று சொன்னவர்கள்தானே. வரிசையை அப்படியே விட்டுவிட்டு, முட்டை அறைக்குள் போய்ப் பார்த்தேன்.